வா வா என்று அழைக்கும் கடைகள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேசும்போது விட்டுப்போன இரண்டொரு விஷயங்களைச் சேர்த்திருக்கிறேன். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் அவசியம் கடைசிவரை படிக்கவும். அடுத்த மாதம் ஓட்டுப் போடப்போவது நீங்களும்தான்.)



"சார், அமெரிக்கா போய் ஆறு மாசம் இருந்துட்டு வந்திருக்கீங்க, ஒரு இருபது நிமிஷம் அனுபவத்தைச் சொல்லுங்க" என்று செயலாளர் கேட்டார். நயாகராவைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. உங்களில் பாதிப்பேர் நேரில் பார்த்தாயிற்று. மீதிப்பேர் வாட்ஸ்அப்பில் பார்த்தாயிற்று. நான் கடைகளைப் பற்றிப் பேசப்போகிறேன். பி.காம். படித்துவிட்டு 36 வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் என் கண் கல்லாப்பெட்டியில்தான் நிற்கும். என் மனைவியின் பாஷையில் சொன்னால், "இவரைத் தாஜ்மகாலுக்குக் கூட்டிட்டுப் போனாலும் டிக்கெட் கவுண்டரைத்தான் பார்ப்பார்."

கடைகளைப் பற்றிப் பேச இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் கேட் பக்கத்தில் அண்ணாச்சி நடத்தும் கடையின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. அந்த இடத்தைக் கேட்டு ஒரு சூப்பர்மார்க்கெட் சங்கிலி நிறுவனம் வந்திருக்கிறது. அடுத்த மாதம் பொதுக்குழுவில் முடிவு. அதற்கு முன்னால், அமெரிக்காவில் பார்த்ததைச் சொன்னால் உபயோகப்படும் என்று நினைத்தேன்.

என் மகள் இருப்பது பென்சில்வேனியா மாநிலத்தில், ரெடிங் என்ற ஊருக்குப் பக்கத்தில். போன மூன்றாம் நாள் மாப்பிள்ளை காரில் அழைத்துப் போகும்போது, "மாமா, வாவாவுல ஒரு காபி குடிச்சுட்டுப் போகலாமா?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பார்த்தால் கடையின் பெயரே வாவா! பெயர்ப்பலகையில் ஒரு வாத்து பறக்கிறது. அங்குள்ள பூர்வகுடிகளின் மொழியில் அந்தச் சொல்லுக்கு ஒருவகைப் பெரிய வாத்து என்று பொருளாம். தமிழ்க் காதுக்கு என்னவோ கடையே வாசலில் நின்று "வா, வா" என்று கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

முன்னால் பெட்ரோல் பம்புகள். பின்னால் ஒரு கடை. பால், ரொட்டி, முட்டை, தலைவலி மாத்திரை, சிகரெட், சாண்ட்விச், காபி எல்லாம் உண்டு. பெரும்பாலானவை 24 மணி நேரமும் திறந்திருக்கும். நம் ஊர் பெட்ரோல் பங்கையும், பேக்கரியையும், பெட்டிக்கடையையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி.

அதே சாலையில் கொஞ்ச தூரத்தில் ஷீட்ஸ் என்று இன்னொரு கடை. அதே வியாபாரம். இந்த இரண்டில் எது உசத்தி என்று அந்த மாநிலத்தில் நடக்கும் சண்டை இருக்கிறதே, நம் ஊரில் எந்த ஓட்டல் சாம்பார் உசத்தி என்று நடக்கும் சண்டைக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. மாநிலத்தின் தென்கிழக்கு, அதாவது பிலடெல்பியா பக்கம், வாவாவின் கோட்டை. நடுப்பகுதியும் மேற்கும் ஷீட்ஸின் கோட்டை. என் மகள் இருக்கும் பகுதி எல்லை மாதிரி, இரண்டும் உண்டு.

இந்த இரண்டு கடைகளின் பூர்வீகத்தைப் பார்த்தபோது எனக்கு ஒரு ஆச்சரியம். இரண்டும் பால் வியாபாரத்திலிருந்து வந்தவை. 1902-ல் ஜார்ஜ் உட் என்பவர் வாவா என்ற ஊரில் பால்பண்ணை ஆரம்பித்தார். வீடு வீடாகப் பால் போட்டார்கள். பிறகு எல்லார் வீட்டிலும் ஃபிரிட்ஜ் வந்தது, பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் வந்தன. வீட்டுக்குப் பால் வாங்குவது குறைந்தது. பால் வீட்டுக்குப் போகாவிட்டால் வாடிக்கையாளரைப் பாலிடம் வரவழைப்போம் என்று 1964-ல் அந்தக் குடும்பம் முதல் கடையைத் திறந்தது. ஷீட்ஸ் கதையும் ஏறக்குறைய இதுதான். ஆல்டூனா என்ற ஊரில் அப்பா நடத்திய பால் கடைகளில் ஒன்றை 1952-ல் பாப் ஷீட்ஸ் வாங்கி நடத்த ஆரம்பித்தார். நம் பக்கத்து நீலகிரீஸும் 1905-ல் மலையில் பால், வெண்ணெய் என்று ஆரம்பித்ததுதான். தினமும் தேவைப்படும் ஒரு பொருளைக் கையில் வைத்திருப்பவனுக்குத்தான் வாடிக்கையாளர் தினமும் கிடைப்பார். அண்ணாச்சி காலை ஐந்தரைக்குக் கடையைத் திறப்பது எதற்காக? பால் பாக்கெட்டுக்காகத்தான்.

இப்போது வாவாவுக்கு 1,000-க்கு மேல் கடைகள். ஷீட்ஸுக்கு 700-க்கு மேல். பல வருஷம் அவரவர் எல்லைக்குள் இருந்தவர்கள் இன்று வெளியே கிளம்பிவிட்டார்கள். வாவா 2012-ல் ஃபுளோரிடாவுக்குப் போனது. 2024-ல் வட கரோலினாவுக்கு. ஷீட்ஸ் அதே 2024-ல் மிச்சிகனுக்குள் நுழைந்தது. டெக்சாஸில் 1982-ல் ஆரம்பித்த பக்கீஸ் என்று ஒன்று இருக்கிறது. 2024-ல் லூலிங் என்ற ஊரில் 75,000 சதுர அடியில் ஒரு கடை திறந்தார்கள். வெளியே 120 பெட்ரோல் பம்பு! கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்பதையே சாலையோரப் பெரிய பலகைகளில் எழுதி ஆள் பிடிப்பவர்கள் அவர்கள். நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டுமா என்ன?

சரி, இவ்வளவு போட்டி எதற்கு? நான் கணக்குப் பிள்ளை. காபி குடித்துக்கொண்டே கணக்குப் பார்த்தேன்.

நாம் நினைப்போம், பெட்ரோல் விற்றுச் சம்பாதிக்கிறார்கள் என்று. பெட்ரோலில் விற்பனைத் தொகை பெரியது, லாபம் மெல்லியது. எதிர்க் கடைக்காரன் பலகையில் ஒரு சென்ட் குறைத்தால் இவனும் குறைத்தாக வேண்டும். போதாததற்கு எல்லாரும் கார்டு தேய்க்கிறார்கள். அதில் வங்கிக்கு ஒரு பங்கு போகிறது. உள்ளே விற்கும் காபி, சாண்ட்விச் கதை வேறு. புரிவதற்காக ஒரு உதாரணக் கணக்கு சொல்கிறேன். நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டு அவனுக்குப் பத்து ரூபாய் நின்றால், நூறு ரூபாய்க்குக் காபி விற்றால் ஐம்பது நிற்கும். ஆக, வெளியே தொங்கும் பெட்ரோல் விலைப் பலகை தூண்டில் புழு. நீங்கள் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து சாப்பிட ஏதாவது வாங்குகிறீர்களே, அதுதான் மீன்.

இது தெரிந்தபிறகு எல்லாம் விளங்கியது. ஷீட்ஸில் தொடுதிரையில் வேண்டியதை வேண்டியபடி தேர்ந்தெடுத்தால் அப்போதே செய்து தருகிறார்கள். என் மாதிரி சைவர்களுக்கு ரொம்பச் சௌகரியம். இங்கிலீஷில் "நோ மீட், நோ எக்" என்று மூன்று தடவை கெஞ்ச வேண்டாம். வாவாவில் ஏடிஎம் இருக்கிறது, கட்டணம் இல்லை. அந்த ஊரில் வேறு இடத்து ஏடிஎம்மில் பணம் எடுத்தால் மூன்று டாலர் அளவுக்குப் பிடித்துக்கொள்வார்கள். இவன் ஏன் இலவசமாகத் தருகிறான்? பணம் எடுக்க உள்ளே வந்தவர் வெறுங்கையோடு திரும்புவாரா? நானே திரும்பவில்லை. ஒரு காபியும் ஒரு வறுவல் பாக்கெட்டும் வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. இரண்டு கடைக்காரர்கள் நமக்காகப் போட்டி போடும்போது காபி சூடாக இருக்கிறது, கழிப்பறை சுத்தமாக இருக்கிறது, விலை ஒழுங்காக இருக்கிறது. போட்டி இருக்கும்வரை வாடிக்கையாளர் ராஜா. எவ்வளவு நாள் இருக்கும் என்பதுதான் கேள்வி. இதற்கு மூன்று கதை சொல்கிறேன். மூன்றும் விரிவாக்கக் கதைகள்.

முதலாவது செவன் லெவன். இந்த வகைக் கடைகளுக்கெல்லாம் பாட்டன். 1927-ல் டெக்சாஸில், டல்லஸ் நகரில், ஐஸ் கட்டி விற்ற ஒரு கம்பெனி, ஐஸோடு பால், ரொட்டி, முட்டையும் வைத்து விற்க ஆரம்பித்தது. காலை 7 முதல் இரவு 11 வரை திறந்திருக்கும் என்பதால் 1946-ல் அந்தப் பெயர். ஆயிரக்கணக்கான கடைகளாக வளர்ந்தது. 1987-ல் வேறு யாரும் கம்பெனியைக் கைப்பற்றிவிடக் கூடாதென்று நிறுவனர் குடும்பம் பெரும் கடன் வாங்கிப் பங்குகளைத் திரும்ப வாங்கியது. வட்டி கட்ட முடியவில்லை. 1990-ல் திவால் மனு. 1991-ல் ஜப்பான்காரர்கள் 70 சதவீதத்தை எடுத்துக்கொண்டார்கள். அந்த ஜப்பான்காரர்கள் யார்? 1970களில் இதே கம்பெனியிடம் உரிமம் வாங்கித் தங்கள் நாட்டில் கடை ஆரம்பித்தவர்கள்! குருவிடம் தொழில் கற்ற சிஷ்யன் குருவின் வீட்டையே ஏலத்தில் எடுத்த மாதிரி. கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை, கடன் தின்றுவிட்டது.

இரண்டாவது கதை நம் ஊர்க் கதை. உங்களில் பலர் வாடிக்கையாளராகவே இருந்திருப்பீர்கள். சுபிக்ஷா. 1997-ல் சென்னையில் ஆரம்பித்தார்கள். ஏ.சி. கிடையாது, அலங்காரம் கிடையாது, சின்னச் சின்னக் கடை, எம்.ஆர்.பி.யைவிடக் குறைந்த விலை. நம் தெருவுக்கு ஏற்ற யோசனை. எங்கள் வீட்டில் மாதாந்திர மளிகையும் மருந்தும் அங்கேதான். பிறகு வேகம் பிடித்தார்கள். 2008-க்குள் நாடு முழுவதும் ஏறக்குறைய 1,600 கடைகள். 2009 ஆரம்பத்தில் கையில் காசில்லாமல் நின்றுபோனது. அலமாரிகள் காலி, ஊழியர் சம்பளம் பாக்கி, சரக்குக் கொடுத்தவர்களுக்குப் பாக்கி, கட்டட உரிமையாளர்களுக்கு வாடகை பாக்கி. "விற்பனை" என்பதும் "கையிருப்புப் பணம்" என்பதும் வேறு வேறு என்று பி.காம். முதல் வருஷத்தில் சொல்லித் தருவார்கள். அதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் கண்முன்னால் நடந்த பாடம்.

மூன்றாவது, கேசீஸ். அமெரிக்காவின் நடுப்பகுதியில், அயோவா மாநிலத்தில், 1968-ல் முதல் கடை. பெரிய நகரங்களுக்கு ஓடவில்லை. 5,000 பேருக்கும் குறைவாக வசிக்கும் சின்ன ஊர்களில் கடை வைத்தார்கள். இன்றும் ஏறக்குறைய பாதிக் கடைகள் அப்படிப்பட்ட ஊர்களில்தான். அங்கே ஓட்டல் இருக்காது. 1984-ல் பீட்சா போட ஆரம்பித்தார்கள். ஊரில் சூடாகச் சாப்பாடு கிடைக்கும் ஒரே இடம் பெட்ரோல் பங்க் என்றால் கூட்டம் எங்கே போகும்? இன்று 2,500 கடைகளுக்கு மேல், பீட்சா விற்பனையிலும் அந்த நாட்டின் முன்வரிசையில் இருக்கிறார்கள். கைக்கு எட்டுகிற தூரத்தில் அடுத்த கடை, அது நிமிர்ந்தபிறகு அதற்கடுத்த கடை. விரிவதில் தவறில்லை, எதை வைத்து விரிகிறார்கள், எவ்வளவு அவசரத்தில் விரிகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

இனி எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இந்த வகைக் கடைகளில் பாதிக்கும் மேல் இன்னமும் ஒரே கடை வைத்திருப்பவர்களுடையவை. அவர்களில் நம் நாட்டுக்காரர்கள் நிறையப் பேர். என் மகள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் அப்படி ஒரு கடை. முதலாளி குஜராத்தில் ஆனந்த் பக்கத்துக்காரர். அவரும் பால் ஊர்க்காரர்தான்! தினமும் நடைப்பயிற்சி முடிந்து அவர் கடையில் பத்து நிமிஷம் நிற்பேன். என் ஹிந்தியும் அவர் இங்கிலீஷும் சேர்ந்து பேச்சு ஓடும்.

சாலைமுனையில் சங்கிலிக் கடை வந்தபிறகு காபி வியாபாரம் போய்விட்டது என்றார். பெட்ரோல் விலையை அவர்கள் காலையில் மாற்றுகிறார்கள். "அவர்கள் விற்கிற விலை சில நாள் நான் வாங்குகிற விலை" என்றார். இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. பிறகு எப்படி நடத்துகிறீர்கள் என்று கேட்டேன். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், கடனும் அடைந்துவிட்டது, நானும் மனைவியும் மாறி மாறி நிற்கிறோம், சம்பளம் கணக்கில் சேர்ப்பதில்லை என்றார். பேலன்ஸ் ஷீட் பார்த்துப் பழகிய எனக்கு அது சுருக்கென்றது. கணவன் மனைவி இருவரின் உழைப்பையும் செலவுக் கணக்கில் எழுதினால் அந்தக் கடை என்றைக்கோ நஷ்டம். "இன்னும் மூணு நாலு வருஷம்" என்றார். அவருக்குப் பின்னால் அந்தக் கடை இல்லை. அன்றைக்கு அந்தச் சாலைமுனைக் கடையின் காபி விலை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

நான் பார்த்த இன்னொன்றுதான் இன்றைக்கு மிக முக்கியம். அந்த ஊரில் நம் பஞ்சாயத்து மாதிரி டவுன்ஷிப் என்று ஒரு அமைப்பு. புதிதாக ஒரு பெட்ரோல் பங்க் கடை வர வேண்டுமென்றால் பொது விசாரணை நடக்கும். யார் வேண்டுமானாலும் போய்க் கேள்வி கேட்கலாம். பேரனுக்கு அன்று நீச்சல் வகுப்பு இல்லை. மகளோடு நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

பலர் எழுந்து கோபமாகப் பேசினார்கள். எங்கள் ஊரின் அமைதி போய்விடும் என்றார்கள். கம்பெனி வக்கீல் பணிவாகக் கேட்டுக்கொண்டார், ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு பாட்டி, எண்பது வயது இருக்கும், வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கையில் ஒரு சின்ன நோட்டு. மூன்றே கேள்வி. சரக்கு லாரி எத்தனை மணிக்கு வரும்? விளக்கு எந்தத் திசையில் அடிக்கும்? என் வேலியோரம் பறந்து வரும் காகிதக் கோப்பைகளை யார் பொறுக்குவார்கள்? வக்கீல் முதல்தடவையாகப் பேனாவை எடுத்தார். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை லாரி வராது, விளக்குகள் கீழ்நோக்கியே இருக்கும், வேலி போட்டுத் தினமும் சுத்தம் செய்வோம் என்றார். பாட்டி உட்காரவில்லை. "இதை அனுமதி நிபந்தனையில் எழுதுவீர்களா?" என்று குழுவைப் பார்த்துக் கேட்டார். எழுதினார்கள். இரவு முழுக்கக் கடை திறந்திருக்கக் கூடாது என்ற கோரிக்கை மட்டும் நிறைவேறவில்லை. ஆனாலும் அந்த நாளில் ஏதாவது கிடைத்தது அந்தப் பாட்டிக்கு மட்டும்தான்.

கடை நமக்காகக் காத்திருக்கிற நாளில்தான் நம் பேச்சுக்கு விலை. கையெழுத்துப் போட்டபிறகு நாம் வெறும் வாடிக்கையாளர். எனக்குச் சொல்ல இருப்பது இந்த ஒன்றுதான்.

இப்போது நம் கேட்டுக்கு வருகிறேன்.

அண்ணாச்சி தரும் வாடகை மாதம் 18,000. புதிதாக வந்திருக்கும் நிறுவனம் தருவதாகச் சொல்வது 45,000. வித்தியாசம் 27,000. பெரிய தொகையாகத் தெரிகிறது. நமக்கு 220 வீடு. ஒரு வீட்டுக்கு மாதம் 123 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. இதை நான் சின்னதாக்கிக் காட்டவில்லை. லிஃப்ட் பராமரிப்புக்கும் தண்ணீர் லாரிக்கும் பொருளாளர் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் தொகையைத் தெரிந்துகொண்டு பேசுவோம்.

நிறுவனம் கொடுத்த வரைவு ஒப்பந்தத்தைச் செயலாளரிடம் வாங்கி இரண்டு தடவை படித்தேன். தொழில் பழக்கம், பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். மூன்று இடங்கள்.

ஒன்று, குத்தகைக் காலம் ஒன்பது வருஷம். அதுவரை நாம் அவர்களைக் காலி செய்யச் சொல்ல முடியாது. அவர்கள் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் போகலாம். சுபிக்ஷா கதையை இதற்காகத்தான் சொன்னேன். அண்ணாச்சி போனபிறகு அவர்களும் போனால், பூட்டிய ஷட்டருக்கு முன்னால் நாம் நிற்போம்.

இரண்டு, சரக்கு இறக்கும் நேரம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஜெனரேட்டர் எங்கே வைப்பார்கள் என்று இல்லை. சி பிளாக் தரைத்தளத்தில் இருப்பவர்கள் கவனிக்கவும்.

மூன்று, பன்னிரண்டாவது ஷரத்து. வளாகத்துக்குள் வேறு எந்த மளிகை, காய்கறி, உணவுப்பொருள் விற்பனைக்கும் சங்கம் அனுமதி தரக் கூடாது. இதன் அர்த்தம் என்ன? சனிக்கிழமை காய்கறி வண்டி கிடையாது. பி பிளாக்கில் வீட்டிலிருந்தே இட்லி மாவு அரைத்து விற்கிறாரே, அந்த அம்மாவுக்கும் கிடையாது. நவராத்திரிக்கு நம் பெண்கள் போடும் பலகாரக் கடைக்கும் அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். போட்டியில் ஜெயிப்பது வியாபாரம். போட்டியே கூடாது என்று நம்மிடமே எழுதி வாங்குவதை நான் வியாபாரம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உடனே அண்ணாச்சி பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூன்று நாள் கரண்ட் இல்லாதபோது மெழுகுவத்தி வைத்துக்கொண்டு கடையைத் திறந்து, கையில் காசில்லாதவர்களுக்கெல்லாம் நோட்டில் எழுதிப் பால் பவுடர் கொடுத்தார். ஏடிஎம் வேலை செய்யாத நாளில் ஏடிஎம்மாக இருந்தவர் அவர். அதை மறந்தால் நாம் மனுஷர்கள் இல்லை. ஆனால் பில் தரமாட்டார். போன மாதம் என் வீட்டுக்கு வந்த ரொட்டி தேதி முடிந்தது. மதியம் இரண்டிலிருந்து நாலரை வரை கடை பூட்டு. கேட்டால், "என்ன சார் செய்ய, நானும் மனுசன்தானே, செத்த நேரம் கண்ணசர வேண்டாமா?" என்கிறார். நியாயம்தான். ஆனால் வெள்ளத்துக்கான நன்றியைத் தேதி முடிந்த ரொட்டிக்குப் பற்று வைக்க முடியாது.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. "அண்ணாச்சியை விடக்கூடாது" என்று குரூப்பில் எழுதுகிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கேட்டில் உட்கார்ந்து டெலிவரி பையன்களை எண்ணினேன். பத்து மணிக்குள் நாற்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன். என் வீட்டுக்கு வந்ததும் அதில் ஒன்று. தயிர்.

போன வாரம் அண்ணாச்சியிடம் நேராகவே கேட்டேன். "25,000 வரைக்கும் கட்டலாம் சார், அதுக்கு மேல முடியாது. பில் மெசின் வாங்கிப் போடுதேன். மத்தியானம் தங்கச்சி மவனை உக்கார வைக்கேன்" என்றார். பதினான்கு வருஷமாக நாம் கேட்டும் நடக்காத பில் மெஷின், எதிரில் ஒரு கடை வருகிறது என்றதும் வந்துவிட்டது பாருங்கள். போட்டி என்பது இதுதான்.

ஆகவே என் வேண்டுகோள். ஓட்டெடுப்புக்கு முன்னால் இரண்டு பேரையும் கூப்பிட்டு ஒரே கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை வருஷம் இருப்பீர்கள்? முன்கூட்டியே போனால் எத்தனை மாத வாடகை தருவீர்கள்? லாரி எத்தனை மணிக்கு வரும்? தேதி முடிந்த சரக்கு கண்டால் என்ன செய்வீர்கள்? மேல்மாடியில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு மருந்தும் பாலும் கொண்டுவந்து தருவீர்களா? வாயால் சொன்னால் போதாது. எழுதித் தரச் சொல்லுங்கள். அண்ணாச்சியிடமும் எழுதித்தான் வாங்க வேண்டும். தெரிந்த முகம் என்பதற்காக வங்கியில் நாங்கள் ஒருநாளும் கையெழுத்தில்லாமல் பணம் கொடுத்ததில்லை.

நீங்கள் எப்படி ஓட்டுப் போடுவீர்கள் என்று என்னைக் கேட்பீர்கள். பன்னிரண்டாவது ஷரத்து அப்படியே இருந்தால் எதிர்த்துப் போடுவேன். வாடகை 60,000 என்றாலும் எதிர்த்துத்தான். அதை எடுத்துவிட்டு, நோட்டீஸ் காலத்தை இரண்டு தரப்புக்கும் சமமாக்கினால், திறந்த மனதோடு யோசிப்பேன். அண்ணாச்சி முகத்தைப் பார்த்துக்கொண்டு யோசிப்பது கஷ்டமாகத்தான் இருக்கும். இருந்தாலும் யோசிப்பேன்.

பென்சில் கோடு போட்ட வரைவு சங்க அலுவலகத்தில், வலதுபக்க மேஜையின் முதல் டிராயரில் இருக்கிறது. மாலை ஐந்திலிருந்து ஏழு வரை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மொத்தம் பதினோரு பக்கம். கண்ணாடியை மறக்காமல் எடுத்து வாருங்கள். எழுத்து ரொம்பப் பொடி. பெரியவர்களுக்குப் படிக்கச் சிரமமாக இருந்தால் நான் உட்கார்ந்து படித்துச் சொல்கிறேன். எனக்கு வேறு என்ன வேலை?

பின்னால் காபி வந்துவிட்டது. அண்ணாச்சி கடைப் பாலில் போட்டதுதான்.